கண்ணாடிக் கடலில் பச்சைப் பாசி

சென்னைக் கடற்கரைக்கு வெகு சமீபத்தில் குடியிருக்கும் சகோதரி ஒருவர் நமக்கு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கையில், கூடத்திலும் ஒரு கடலைக் கட்டி வைத்துக்கொள்வானேன் என்று சிலர் கேட்கக்கூடும். அந்தக் கேள்வியை அவருடைய கணவரே பலமுறை கேட்டுவிட்டாராம். ஆகையால் நாம் கேட்கவில்லை.

மூன்றடி நீளமும், ஒன்றரை அடி அகலமும், ஒன்றரை அடி உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டி. அதில் உப்புக் கரைத்த ஜலம், சில பாறைகள், ஒரு கடல் சாமந்தி, அதன் மடியில் படுத்துறங்கும் இரண்டு கோமாளி மீன்கள். பத்து வயதுப் பெண் குழந்தை காலையில் கண் விழித்ததும் முதலில் போய்ப் பார்ப்பது அந்த மீன்களைத்தானாம். ஒன்றரை வருஷம் இந்தக் குடித்தனம் நன்றாகவே நடந்தது. இப்போதோ பாறைகளெல்லாம் பச்சை மயிர் முளைத்துக் கரடித் தோல் போலாகிவிட்டன. சாமந்தி சுருங்கிக் கிடக்கிறது. கடையில் விற்கும் பாசி மருந்தை இருமுறை வாங்கி ஊற்றினார். ஒவ்வொரு முறையும் ஒரு வாரத்தில் தொட்டி பளிங்கு போலாயிற்று. ஒன்றரை மாதத்தில் முன்னைவிட அடர்த்தியாகப் பாசி மூடிக்கொண்டது. மூன்றாம் முறையும் மருந்து ஊற்றலாமா, அல்லது மீன், பாறை, ஜலம் அனைத்தையும் வண்டியில் ஏற்றிச் சமுத்திரத்திலேயே விட்டுவிடலாமா என்பது அவருடைய கேள்வி.

இரண்டும் கூடாது என்பது நம் பதில். காரணம் சொல்லக் கொஞ்சம் இடம் வேண்டும்.

பாசி போவதும் வருவதும் தமிழருக்குப் புதிய விஷயமல்ல. குறுந்தொகைப் புலவர் ஒருவர் தலைவியின் பசலைக்கு ஊர்க் கேணியின் பாசியை உவமை காட்டியிருப்பதைத் தமிழ் படித்தவர்கள் அறிவார்கள். கை பட்டால் ஒதுங்குவதும், கையை எடுத்தால் கூடிக்கொள்வதும் அதன் குணம். இரண்டாயிரம் வருஷங்களாக அது தன் குணத்தை மாற்றிக்கொள்ளவில்லை. நாம்தான் அதைக் கையால் ஒதுக்குவதற்குப் பதிலாக மருந்தால் ஒதுக்கிப் பார்க்கிறோம்.

முதலில் வந்திருப்பது யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். வாசலில் நிற்பவர் கடன்காரரா, விருந்தாளியா என்று பாராமல் கதவைச் சாத்துகிறவர்கள் உண்டு. மீன் தொட்டி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் அந்த ரகம். கண்ணாடியில் எது படிந்தாலும் அவர்களுக்கு அது பாசி. உண்மையில் பாசி என்ற ஒரே பெயருக்குள், ஒன்றோடொன்று உறவில்லாத பல குலங்கள் ஒளிந்திருக்கின்றன. புதுத் தொட்டியில் இரண்டாம் மூன்றாம் வாரத்தில் மணலின்மேல் பழுப்புத் தூசி போல் படிவது டயாட்டம். அதன் ஓடு கண்ணாடிச் சத்தான சிலிகாவால் ஆனது. ஜலத்தில் கரைந்திருக்கும் சிலிகேட் தீர்ந்ததும் அது பெரும்பாலும் தானே போய்விடும். அதற்காக மருந்து வாங்குவது, விடியப்போகும் நேரத்தில் விளக்கு வாங்குவது போன்றது. மணலைப் போர்வை போல் மூடி, இழுத்தால் தோலாக உரிந்து வரும் கருஞ்சிவப்புப் படலம் பாசியே அன்று. அது சயனோபாக்டீரியா என்னும் கிருமி வகை. பூமியின் காற்றில் பிராணவாயுவை முதன்முதலில் நிரப்பிய பெருமை, ஏறக்குறைய 240 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அதன் முன்னோர்களுக்கு உரியது. நம் வீட்டுக் கூடத்தில் அவர்களுடைய சந்ததியார் வந்திருக்கும்போது கொஞ்சம் மரியாதையாகவே நடத்த வேண்டும். சிலர் எரித்ரோமைசின் முதலிய மருந்துகளைப் பொடித்துப் போட்டு இதை ஒழிக்கிறார்கள். தொட்டியின் கழிவைச் செரிக்கும் நல்ல கிருமிகளையும் அது விட்டுவைக்கும் என்று நம்பக் காரணமில்லை. மருந்துக்கு அடங்காத கிருமிகளை வீட்டிலேயே வளர்ப்பதற்கும் அது வழி.

பச்சைக் கண்ணாடி மணிகள் போல் பாறையில் ஒட்டிக்கொண்டிருப்பது வலோனியா என்னும் குமிழ்ப்பாசி. ஒவ்வொரு குமிழும் ஒரே ஓர் உயிரணு. கோலிக்குண்டு அளவுக்கு வளரும் ஓரணு ஜீவனைக் காண அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டியதில்லை. அதை உடைக்காமல் நகத்தால் நெம்பி எடுப்பது நல்லது. இறகு போன்று இருபுறமும் கிளைக்கும் பச்சைப் பாசி பிரையாப்சிஸ்; அது பிடிவாதக்காரன். மனிதருக்குப் பூஞ்சை நோய் கண்டால் கொடுக்கும் ஃப்ளூகனஸோல் மருந்துக்கு அது மடிகிறது என்று தொட்டி வைத்திருப்பவர்கள் கண்டிருக்கிறார்கள். சாதாரண முடிப்பாசியோ நூலாக, சிடுக்காக, கையில் பிடித்து இழுத்தால் கொத்தாக வருவது. சகோதரி அனுப்பியுள்ள படத்தைப் பார்த்தால் அவர் வீட்டுக்கு வந்திருப்பது இதுவே.

இனி, இந்த முடிப்பாசிக்கு யார் சோறு போடுகிறார்கள் என்பதை ஆராய்வோம். இங்கேதான் நம்மை ஒத்த உபாத்தியாயர்களுக்குப் பிடித்தமான கணக்கு வருகிறது. கணக்கென்றால் பக்கத்தைப் புரட்டும் நேயர்கள் தயவுசெய்து ஐந்து நிமிஷம் பொறுக்க வேண்டும்.

பாசிக்கு வெளிச்சம் வேண்டும். அது விளக்கிலிருந்து வருகிறது. கரியமிலவாயு வேண்டும், அது காற்றிலிருந்தும் மீனின் மூச்சிலிருந்தும் வருகிறது. இவற்றை நிறுத்த முடியாது. மிச்சம், வயலுக்கு உரமாக எதைப் போடுகிறோமோ அதுவே: நைட்ரேட்டும் பாஸ்பேட்டும். இவை தொட்டிக்குள் நுழைய இரண்டு பெரிய வாசல்கள் உண்டு. ஒன்று நாம் ஊற்றும் ஜலம். மற்றொன்று நாம் போடும் தீனி.

ஜலத்தை எடுத்துக்கொள்வோம். தொட்டியில் கணக்குக்குச் சௌகரியமாக 200 லிட்டர் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். சென்னை வெயிலில், மின்விசிறியின் அடியில், தினம் 2 லிட்டர் ஆவியாகிப் போவது சாதாரணம். ஆவியாவது வெறும் தண்ணீர்; உப்பு உள்ளேயே நிற்கும். ஆகவே குறைவை நல்ல தண்ணீர் ஊற்றி நிரப்புகிறோம். இது சரியான முறைதான். ஆனால் நல்ல தண்ணீர் என்பது எது? நம் தேசத்துக் குடிநீர்த் தரக் கட்டளை, லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட் வரை அனுமதிக்கிறது. அவ்வளவு வேண்டாம், 10 மில்லிகிராமே இருக்கட்டும். தினம் 2 லிட்டர் வீதம் வருஷத்துக்கு 730 லிட்டர். அதனுடன் நுழைவது 7,300 மில்லிகிராம் நைட்ரேட். அது 200 லிட்டரில் நின்றால் லிட்டருக்கு 36 மில்லிகிராமுக்கு மேல். தண்ணீர் போய்க்கொண்டே இருக்கிறது. அது கொண்டுவந்த மூட்டை மட்டும் இறங்கி உட்கார்ந்துகொள்கிறது. கடல் சாமந்தி வாழும் தொட்டியில் நைட்ரேட் லிட்டருக்கு இரண்டிலிருந்து பத்து மில்லிகிராமுக்குள் இருப்பது போதும். மனிதர் குடித்தால் ஒன்றும் செய்யாத தண்ணீர், ஒரு வருஷத்தில் தொட்டியை வயலாக்கிவிடுவது இவ்விதந்தான்.

“நாங்கள் ஆர்.ஓ. இயந்திரத்துத் தண்ணீரைத்தான் ஊற்றுகிறோம்” என்று சகோதரி எழுதியிருக்கிறார். சமையலறைச் சுவரில் தொங்கும் இயந்திரங்களில் பல, ருசிக்காகவென்று, வடிகட்டாத தண்ணீரிலும் கொஞ்சத்தைக் கலந்தே குழாயில் விடுகின்றன. அது குடிப்பதற்கு நல்லது, தொட்டிக்கு ஆகாது. கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் பேனா போன்ற சிறு கருவி சொற்ப விலைக்குக் கிடைக்கிறது. அதைத் தம்ளரில் நனைத்துப் பார்த்தால் 40 என்றோ 80 என்றோ காட்டும். தொட்டிக்கு ஊற்றும் தண்ணீரில் அது பூஜ்யத்தைக் காட்ட வேண்டும். அதற்கு ஆர்.ஓ.வுக்குப் பிறகு, அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் பிசின் நிரப்பிய இன்னொரு குழலின் வழியாகவும் தண்ணீர் வர வேண்டும். இரண்டும் சேர்ந்ததைக் கடைக்காரர்கள் ஆர்.ஓ.டி.ஐ. என்பார்கள். கரையோரத்திலிருந்து குடத்தில் கடல் ஜலம் மொண்டு வரும் வழக்கமும் சிலரிடம் உண்டு. கூவமும் அடையாறும் என்ன கொண்டுவந்து கடலில் சேர்க்கின்றன என்பதைச் சென்னைவாசிகளுக்கு நாம் விவரிக்க வேண்டியதில்லை.

அடுத்தது தீனி. கடையில் விற்கும் உலர்ந்த மீன் தீனியில் ஏறக்குறைய நூற்றுக்கு 45 பங்கு புரதம். புரதத்தில் நூற்றுக்கு 16 பங்கு நைட்ரஜன். ஒரு கிராம் தீனி முழுவதும் நைட்ரேட்டாக மாறினால் 300 மில்லிகிராமுக்கு மேல் ஆகும். 200 லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம். இது பரவாயில்லை. பாஸ்பேட்டின் கதை வேறு. தீனியில் நூற்றுக்கு ஒரு பங்கு பாஸ்பரஸ் இருக்குமானால், ஒரு கிராமிலிருந்து 30 மில்லிகிராம் பாஸ்பேட் பிறக்கும். தொட்டியில் அது லிட்டருக்கு 0.15 மில்லிகிராம். தொட்டியில் இருக்கத்தக்க அளவோ 0.03 முதல் 0.1 வரைதான்! மீன் தன் உடம்பில் சேர்த்துக்கொள்வது கொஞ்சம், மிச்சமெல்லாம் ஜலத்துக்கு. இரண்டு கோமாளி மீன்களுக்கு ஒரு கிராம் தீனி பல நாட்களுக்குப் போதும். ஆனால் தீனி போடுவது பத்து வயதுக் குழந்தையானால், அளவு மீனின் வயிற்றைப் பொறுத்ததன்று. குழந்தையின் அன்பைப் பொறுத்தது. உறைந்த தீனியைப் பயன்படுத்துவோர் அதை ஒரு வடிகட்டியில் இட்டு அலம்பி, அதன் சாற்றைக் கொட்டிவிட்டுப் போடலாம்.

இப்போது மருந்து ஏன் தோற்றது என்பது புரியும். ஒன்றரை வருஷத்து உரம் பாசியின் உடம்பில் சேர்ந்திருந்தது. மருந்து பாசியைக் கொன்றது. செத்த பாசி அழுகி, உண்ட உரத்தையெல்லாம் ஜலத்திலேயே கக்கிவிட்டது. புதிய பாசிக்கு இதைவிட நல்ல விருந்து கிடையாது. போதாக்குறைக்கு, அவ்வளவு பாசியும் ஒரே சமயத்தில் அழுகும்போது ஜலத்தில் பிராணவாயு குறைந்து, விடியற்காலத்தில் மீன்கள் மூச்சுத் திணறும். சகோதரியின் மீன்கள் இருமுறை தப்பின. மூன்றாம் முறை பரீட்சை வைக்க வேண்டாம்.

இதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. கடையிலிருந்து சோதனைப் புட்டி வாங்கிப் பார்த்ததில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யம் என்றே காட்டிற்றாம். “உரமே இல்லாத இடத்தில் பயிர் எப்படி விளையும்?” என்று கேட்கிறார். அறுவடை முடிந்த வீட்டில் களஞ்சியத்தைப் பாராமல் வயலைப் பார்த்துவிட்டு நெல்லே இல்லை என்று சொன்னால் எப்படி? சோதனைப் புட்டி காட்டுவது ஜலத்தில் மிதப்பதை. பாசி தின்று முடித்ததை அது காட்டாது. பாறையும் ஒரு களஞ்சியம். சுண்ணாம்புப் பாறைக்குப் பாஸ்பேட்டைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும் குணம் உண்டு. ஜலத்தில் பாஸ்பேட் மிகுந்திருக்கும்போது பாறை வாங்கிக்கொள்ளும். ஜலம் சுத்தமாகும்போது மெள்ள மெள்ளத் திருப்பிக் கொடுக்கும். ஆகையால் தண்ணீரும் தீனியும் சரியான பிறகும் பல வாரங்கள் பாசி தழைத்துக்கொண்டிருக்கும். இந்தக் கட்டத்தில்தான் பலர் மனம் உடைந்து மருந்துக் கடைக்கு ஓடுகிறார்கள். பழைய கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்திருந்தால் ஓடமாட்டார்கள்.

இந்தச் சங்கடம் தொட்டிகள் பிறந்த நாளிலேயே பிறந்தது. 1846-ல் ஆன்னா தைன் என்ற ஆங்கிலச் சீமாட்டி, டார்க்கீ கடற்கரையிலிருந்து சில பவள ஜீவன்களை லண்டனுக்கு எடுத்துச் சென்றார். ஜலத்துக்குக் காற்று ஊட்டும் இயந்திரம் ஏது? தினந்தோறும் வேலைக்காரப் பெண் ஜன்னலோரம் நின்று, டிகிரி காப்பி ஆற்றுவது போல, பாத்திரத்துக்குப் பாத்திரம் ஊற்றி ஆற்றினாள். சீமாட்டியின் பெயர் சரித்திரத்தில் நின்றது. ஆற்றியவளின் கைவலியை யாரும் குறித்து வைக்கவில்லை. பின்னர் கடற்பூண்டுகளை ஜலத்தில் வைத்ததும் அவளுக்கு விடுதலை கிடைத்தது. பூண்டு வெளிச்சத்தில் பிராணவாயு தரும் அல்லவா? அதே காலத்தில் லண்டன் ரசாயன நிபுணர் ராபர்ட் வாரிங்டன், நன்னீரில் பொன்மீனையும் நீர்ப்பூண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். மீன் வாழ்ந்தது, பூண்டும் வாழ்ந்தது, ஆனால் பூண்டின் பழுத்த இலைகள் அழுகி, ஜலம் கலங்கி, கண்ணாடியில் பச்சைப் படலம் படிந்தது. அவர் மருந்து தேடவில்லை. குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். நத்தைகள் அழுகலைத் தின்று பாத்திரத்தைத் தெளிய வைத்தன. 1850-ல் அவர் அதை வெளியிட்டார். மீன், பூண்டு, நத்தை என்ற மூவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் குடும்பம் நடவாது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

மேய்கிறவன் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பெருங்கடலே ஒருமுறை காட்டிற்று. 1983-ல் கரீபியக் கடலில் டயடெமா என்னும் நீண்ட கரிய முட்களுடைய கடல் முள்ளெலிகளுக்குக் கொள்ளைநோய் கண்டது. ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் அதிகமானவை மாண்டன. ஜமைக்காத் தீவைச் சுற்றிப் பாசி தின்னும் மீன்களை மனிதர்கள் முன்பே வலைபோட்டு அள்ளிவிட்டார்கள். புயலும் பவளங்களை நொறுக்கியிருந்தது. மிஞ்சியிருந்த ஒரே மேய்ச்சல்காரரும் போனதும் பாசி எழுந்தது. 1977-ல் அங்கே தரையின் 52 சதவீதத்தை மூடியிருந்த உயிர்ப் பவளம், 1990-களின் தொடக்கத்தில் 3 சதவீதமாயிற்று. 4 சதவீதமாயிருந்த பாசி 92 சதவீதமாயிற்று. பார்த்தீர்களா? தீவு முழுவதும் ஒரு பெரிய மீன் தொட்டி போலாகிவிட்டது.

ஆகவே சகோதரி ஐந்தாறு டர்போ அல்லது டிரோக்கஸ் நத்தைகளை வாங்கி விடட்டும். தொட்டி பெரிதானால், நம் மீனவர்கள் ஓரா என்று சொல்லும் இனத்தைச் சேர்ந்த மீன் ஒன்றை விடலாம். மூன்றடித் தொட்டியில் அதை அடைப்பது பாவம். ஆனால் ஒன்று: நத்தை நீளமான முடியைத் தின்னாது, ஒட்ட வெட்டிய புல்லைத்தான் மேயும். மேலும் தின்றது அத்தனையும் கழிவாக அங்கேயே விழும். நத்தை கணக்கை இடம் மாற்றி எழுதுகிறதே ஒழியத் தீர்ப்பதில்லை. தீர்ப்பது நம் கை.

வாரம் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்வோம், பாறைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, உப்பு ஜலம் உள்ள வாளியில் வைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துப் பாசியைப் பிடுங்க வேண்டும். தொட்டிக்குள்ளேயே தேய்த்தால் துணுக்குகள் எங்கும் பரவும். பிடுங்கிய கொத்தைத் துணியில் பிழிந்து, நல்ல தண்ணீரில் நன்கு அலசி, வாசலில் உள்ள பூச்செடிக்கு எருவாக்கலாம். இந்த ஒரு பிடி பாசியில் எத்தனை நாள் தீனி அடங்கியிருக்கிறது என்று குழந்தை தராசு வைத்து எடை போட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வந்தால், பள்ளிக்கூடத்தில் நாம் ஒரு வருஷத்தில் சொல்லிக் கொடுப்பதைவிட அதிகம் கற்றுக்கொள்ளும். அன்றே தொட்டியில் பத்தில் ஒரு பங்கு ஜலத்தை மாற்ற வேண்டும். புதிதாக உரம் சேராதிருந்தால், இப்படி ஏழு வாரம் மாற்றுவதில் கரைந்துள்ள நைட்ரேட் பாதிக்கும் கீழாகிவிடும்.

புரோட்டீன் ஸ்கிம்மர் என்று ஒரு கருவி இருக்கிறது. காற்றுக் குமிழிகளை ஜலத்தில் கிளப்பி, கழிவு நைட்ரேட்டாக மாறுவதற்கு முன்பே நுரையாகத் திரட்டி மேலே உள்ள கிண்ணத்தில் கக்கும். அந்தக் கிண்ணத்தின் வாசனையை ஒருமுறை முகர்ந்தவர்கள் அதன் பிரயோஜனத்தைப்பற்றிச் சந்தேகப்பட மாட்டார்கள். கையில் பணமிருந்தால் முதலில் வாங்க வேண்டியது இதுதான். பாஸ்பேட்டைப் பிடிக்க இரும்பு ஆக்ஸைடு குருணை விற்கிறார்கள். அதுவும் வேலை செய்யும். ஆனால் நமக்குப் பிடித்த உபாயம் வேறு. பாசியைப் பாசியாலேயே வெல்வது. தொட்டிக்குப் பின்னால் ஒரு சிறு அறை, அதில் தனி விளக்கு, அதன் கீழே கீடோமார்ஃபா என்னும் பச்சைக் கம்பிச் சுருள் போன்ற கடற்பாசி. உரத்தை அது தின்று கொழுக்கும். மாதம் ஒருமுறை பாதியை வெட்டி எறிய வேண்டும். அமெரிக்காவில் ஸ்மித்ஸோனியன் நிலையத்தைச் சேர்ந்த வால்டர் ஆடி என்னும் விஞ்ஞானி, பவளத் திட்டுக்களைத் தொட்டியில் வளர்க்கப் பாசித் தட்டுக்களையே வடிகட்டியாக வைத்துக் காட்டினார். திருடனையே காவலுக்கு வைக்கும் இந்த ஏற்பாடு ராஜ்ய நிர்வாகத்தில் எப்படியோ, தொட்டி நிர்வாகத்தில் பலிக்கிறது.

நிற்க. இவ்வளவும் படித்துவிட்டு, “சரி, உரத்தைப் பூஜ்யமாக்கிவிடுகிறேன்” என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. ஸ்கிம்மர், குருணை, கீடோமார்ஃபா எல்லாவற்றையும் ஒருசேர ஓட்டி நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் துடைத்துவிட்ட தொட்டிகளில் வேறொரு சத்துரு தலையெடுக்கிறது. பழுப்பு நிறத்தில், சளி போன்று, காற்றுக் குமிழிகளைச் சுமந்துகொண்டு மணலையும் பாறையையும் போர்த்தும். இரவில் மெலியும், விளக்குப் போட்டதும் மறுபடி தோன்றும். அது டைனோஃபிளாஜெல்லேட். 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரை அலைகள் நீலமாக ஒளிர்ந்து ஊரே திரண்டு பார்த்ததே, அந்த ஒளியைத் தந்த நொக்டிலூகாவும் இந்தக் குலம். கடல் சாமந்தியின் உடம்புக்குள் வசித்து, வெளிச்சத்தைக் கொண்டு சமைத்து அதற்குச் சோறு போடும் நுண்ணுயிரும் இந்தக் குலமே. வீட்டுக்குள் சமையற்காரராகவும், வெளியே கொள்ளைக்காரராகவும் ஒரே வம்சத்தார் இருக்கிறார்கள்! மணலில் படரும் சில வகைகளுக்கு விஷம் உண்டு. தின்ற நத்தைகள் சாகும். மற்ற பாசிகளெல்லாம் பட்டினியால் ஒடுங்கும்போது காலியான நிலத்தை இவை பிடித்துக்கொள்கின்றன.

பார்த்த மாத்திரத்தில் இதை டயாட்டம் என்றோ சயனோ என்றோ எண்ணிவிடுவது எளிது. ஒரு சோதனை சொல்கிறோம். படலத்தைக் கொஞ்சம் ஜலத்தோடு புட்டியில் எடுத்து நன்றாகக் குலுக்கி, காகித வடிகட்டியில் வடித்து, தெளிந்த ஜலத்தை வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். மறுபடியும் நூல் நூலாகத் திரண்டால் அது டைனோஃபிளாஜெல்லேட் என்று சந்தேகிக்கலாம். உறுதி செய்யப் பள்ளிக்கூடத்து நுண்ணோக்கி போதும். 400 மடங்கு பெருக்கிப் பார்த்தால் பம்பரம் போலவோ, செக்குமாடு போலவோ சுழல்வது தெரியும். டயாட்டம் அப்படிச் சுழலாது. இதற்கு மருந்து, நம்பினால் நம்புங்கள், உரத்தைக் கொஞ்சம் கூட்டுவது. அதனால்தான் பூஜ்யம் வேண்டாம் என்கிறோம்.

இனிச் சமுத்திரத்தில் விடும் யோசனை. சகோதரியின் கணவர் இதை இரக்கத்தோடுதான் சொல்லியிருக்கிறார். வந்த இடத்துக்கே அனுப்பிவிடுவோம் என்பது அவர் எண்ணம். ஆனால் கடையில் வாங்கிய கோமாளி மீன் இன்ன கடலிலிருந்து வந்தது என்று யார் சொல்ல முடியும்? நம் மண்டபம், விழிஞ்ஞம் ஆராய்ச்சி நிலையங்களிலேயே இந்த மீன்களைத் தொட்டியில் பொரிக்க வைத்திருக்கிறார்கள். தொட்டியில் பிறந்து வளர்ந்த மீனுக்குக் கடல் பிறந்தகமும் அன்று, புக்ககமும் அன்று. சாமந்தியின் மடியில்லாமல் சென்னைக் கரையின் மணல் அலையில் விட்டால், அதற்குத் தெரிந்த மறைவிடம் ஒன்றும் இராது. மீனாவது இரண்டுதான். பாறையிலும் ஜலத்திலும் ஒட்டியிருப்பது என்ன என்று யாருக்கும் தெரியாது.

மத்தியதரைக் கடற்கரையில் மொனாக்கோ என்று ஒரு சிறு ராஜ்யம். அங்கே கடலோரத்தில் பேர்பெற்ற சமுத்திர அருங்காட்சியகம் உண்டு. 1984-ல் அதன் ஜன்னல்களுக்கு நேர் கீழே, கடலடியில், கௌலெர்பா டாக்ஸிஃபோலியா என்னும் பச்சைப் பாசி ஒரு சதுர மீட்டர் அளவுக்கு முளைத்திருந்தது. மீன் தொட்டிகளை அலங்கரிப்பதற்காக ஜெர்மனியில் வளர்க்கப்பட்டு வந்த உறுதியான வகை அது. அதன் ஒரு துணுக்கு போதும், முழுச் செடியாக வளர. படகு நங்கூரங்களிலும் வலைகளிலும் சிக்கி, பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், குரோவேஷியா, துனீசியா என்று கரை கரையாகப் பரவிற்று. பின்னாளில் பல இடங்களில் தானாகவே மெலிந்தது வாஸ்தவம். ஆனால் அதற்குள் ஒரு தலைமுறை கழிந்துவிட்டது. இதே பாசி 2000-ல் கலிபோர்னியாவில், ஸான் டியேகோ அருகேயுள்ள ஒரு காயலில் தோன்றியது. அங்கே அதிகாரிகள் தாமதிக்கவில்லை. பாசியின்மேல் தார்ப்பாய் போர்த்தி, அடியில் குளோரின் செலுத்தி, முக்குளிப்போரை மாதக்கணக்கில் தேடவிட்டார்கள். முற்றிலும் ஒழிந்தது என்று 2006-ல் அறிவித்தார்கள். செலவு சுமார் 70 லட்சம் டாலர்.

நம் கரையும் இதற்கு விலக்கல்ல. ஐஸ்கிரீமைக் கெட்டியாக்க உதவும் பசைக்காகக் கப்பாஃபைகஸ் என்னும் அயல்நாட்டுக் கடற்பாசியை மண்டபம் பக்கத்தில் பயிரிட்டார்கள். கரையோரப் பெண்களுக்கு அதனால் பிழைப்பும் கிடைத்தது. ஆனால் 2008-ல் அது மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் உயிருள்ள பவளங்களின்மேல் படர்ந்து அவற்றை மூடிக்கொண்டிருப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டு எழுதினார்கள். அந்தப் பவளங்களோ 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்குச் சமமான இடம் பெற்றவை. ஆகவே இராமேசுவரம் போய்வருவோர் தொட்டிக்கென்று ஒரு துண்டு பவளக்கல்லைப் பையில் போட்டுக்கொள்வதும் குற்றமே. சட்டம் இருந்தாலும் பாசிக்குப் படிக்கத் தெரியாது. தொட்டியை மூடிவிடுவது என்றே தீர்மானமானால் மீனையும் சாமந்தியையும் கடைக்காரரிடமோ, வேறு தொட்டிக்காரரிடமோ ஒப்படைக்கலாம். பாறையையும் மணலையும் வெயிலில் பல வாரம் காயவைத்துவிடலாம். ஜலத்தில் வெளுப்புத் தூள் கலந்து ஒரு நாள் வைத்துப் பிறகு சாக்கடையில் விடலாம்.

ஆனால் மூட வேண்டிய அவசியம் நமக்குத் தோன்றவில்லை. சாமந்தி சுருங்கியிருக்கிறதே ஒழிய, அதன் அடிப்பாகம் பாறையை இன்னும் பற்றிக்கொண்டிருப்பதாகச் சகோதரி எழுதுகிறார். அது நல்ல குறி. விளக்கு எட்டு மணி நேரத்துக்குமேல் எரிய வேண்டாம். தண்ணீரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது முதல் வேலை; தீனியை அளந்து போடுவது இரண்டாவது; பிறகே நத்தை, பிறகே ஸ்கிம்மர். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எதனால் என்ன நடந்தது என்று தெரியாமற் போவதோடு சாமந்திக்கும் அதிர்ச்சி. முதல் மூன்று வாரம் வித்தியாசம் தெரியாது. பிடுங்கப் பிடுங்க வரும். ஆறாம் வாரத்துக்குமேல் முடி குட்டையாகும், நிறம் வெளுக்கும், இழுத்தால் வேரோடு வரும். பாறையில் பாஸ்பேட் மிகுந்திருந்தால் மூன்று மாதம்கூட ஆகலாம்.

அதற்குப் பின் பாறையின் மேலே, நிழலான பக்கத்தில் முதலில், குங்குமத்தைக் கரைத்துத் தெளித்தாற்போல் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தோன்றிக் கொஞ்சங்கொஞ்சமாக ஒன்று சேர்ந்து கெட்டியான பூச்சாகும். கையால் தேய்த்தால் போகாது. அதுவும் பாசிதான், சுண்ணாம்பை உடலில் சேர்த்துக்கொள்ளும் கல்பாசி. முன்பக்கக் கண்ணாடியில் படிந்தால் மட்டும் தகட்டுக் கத்தியால் சுரண்டிவிட்டு, பாறையில் இருப்பதை அப்படியே விட்டுவிட வேண்டும்.